பின்வீட்டுக் கருவாடு

திருவொற்றியூரில் ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். செல்போன் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. தானாகச் சாப்பிடாதவர்களுக்கு ஊட்டிவிடுவது என் வேலை. ஒரு வாய்க்கு ஒரு கெஞ்சல். மாலையில் வீடு திரும்பினால் எனக்கே சோற்றைப் பார்க்கப் பிடிக்காது.

இல்லத்தில் சுத்த சைவம். இடம் கொடுத்தவரின் நிபந்தனை அது. முட்டைகூட வாசல் தாண்டக் கூடாது. நல்ல மனசோடுதான் கொடுத்தார், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் காசிமேட்டுக்காரர்கள், எண்ணூர்க்காரர்கள். பிறந்ததிலிருந்து மீனோடு சோறு தின்றவர்களுக்குக் கடைசிக் காலத்தில் ரசமும் கோஸ் பொரியலும் எப்படி இறங்கும்?

மீன் விற்றே பிள்ளைகளை வளர்த்த ஒரு அம்மா இருந்தார். வந்தபோது நல்ல கட்டான உடம்பு. ஒரே வருடத்தில் ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. வாரம் ஒருமுறை வரும் டாக்டர் எடை பார்த்துவிட்டு, இப்படியே இறங்கினால் உடம்பு தாங்காது, மீனோ முட்டையோ கொடுங்கள் என்றார். நிர்வாகி பருப்பை இன்னும் கெட்டியாக வைக்கச் சொன்னார். அந்த அம்மாவோ நான் ஊட்டும் சோற்றைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு, நான் திரும்பியதும் துப்பிவிடுவார். சலித்துப்போயிற்று எனக்கு.

ஒருநாள் மதியம் பின்வீட்டில் கருவாடு வறுத்தார்கள். வாசனை ஜன்னல் வழியாக வந்து கூடம் முழுக்க நின்றது. அந்த அம்மா தலையைத் தூக்கி, நெத்திலி என்றார். தட்டை என் கையிலிருந்து வாங்கித் தானே பிசைந்து சாப்பிட்டார். வெறும் ரசம் சோறுதான். மறுபடியும் கேட்டு வாங்கினார். எனக்கு அழுகை வந்தது. சமையல்காரர் சோறு பத்தாது என்று முணுமுணுத்தார்.

மறுநாள் பின்வீட்டு அம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். துறைமுகத்தில் வேலை பார்ப்பவரின் மனைவி. சிரித்துவிட்டு, இனிமேல் உங்கள் சாப்பாட்டு நேரம் பார்த்தே அடுப்பில் போடுகிறேன் என்றார். சொன்னபடியே செய்தார். அடுத்த தடவை எடை கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டர் பருப்பைப் பாராட்டினார். நாங்கள் யாரும் திருத்தவில்லை.

புரட்டாசி பிறந்தது. முதல் நாள் மதியம் அந்த அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"இன்னாமே, அந்த வூட்ல யார்னா செத்துப் பூட்டாங்களா?"

"இல்லம்மா. புரட்டாசி பொறந்துடுச்சி. பெருமாளுக்கு வேண்டிகினு மாசம் முடியற வரிக்கும் கவிச்சி தொட மாட்டாங்களாம்."

அவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"பெருமாளு அடுத்த வர்சமும் இருப்பாரு. நா இருக்க வாணாமா?"

தட்டை என் பக்கம் தள்ளினார். ஒரு வாய் உருட்டி அவர் உதட்டருகே கொண்டுபோனேன். அவர் வாயைத் திறக்கவில்லை.