காரைக்குடிக் கதவு என்று நான் சொன்னேன்

சிங்காநல்லூரில் என் கிடங்கில், சென்னையிலிருந்து வந்திருந்த ஓட்டல்காரர் ஒருவருக்குத் தூண் காட்டிக்கொண்டிருந்தேன். "சுத்தமான செட்டிநாட்டுச் சரக்குங்க, தட்டிப் பாருங்க" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் போன் அடித்தது. ரோஸ்லின் மேடத்தின் தம்பி மகள் பேசினாள். "அத்தை காலையில போயிட்டாங்கண்ணா. அவங்க நோட்டுல மொதப் பக்கத்துலயே உங்க நம்பர் இருந்துச்சு, அதான் கூப்பிட்டேன்" என்றாள். அந்தத் தூண் நம் கோயமுத்தூர்ப் பெரியகடை வீதியிலிருந்து வந்தது. மேடத்துக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். ஓட்டல்காரருக்கு மட்டும்தான் தெரியாது.

மேடத்தின் இந்த நினைவு மலரைப் படிக்கிறவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மேடத்தின் பின்னால் பழைய வீதிகளில் நடந்தவர்கள். குடையை மூடிக் கையில் பிடித்துக்கொண்டு, அதாலேயே மேல்மாடத்தைச் சுட்டிக் காட்டுகிற அந்தக் குள்ளமான உருவம் உங்களுக்கும் கண்ணில் நிற்கும். என்னையும் எழுதச் சொன்னீர்கள். நல்லவர், எளியவர் என்று ஒரு பக்கம் எழுதித் தப்பித்துக்கொள்ளத்தான் முதலில் நினைத்தேன். அப்படி எழுதினால் அதுவும் என் வியாபாரப் பேச்சு மாதிரிதான் ஆகும்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். இடிக்கிற வீடுகளில் கதவு, ஜன்னல், தூண், உத்தரம் எல்லாம் வாங்கி விற்கிறேன். ராஜ வீதியில் ஒரு வீட்டை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். தூசிக்குள் நின்று வெகுநேரம் வேடிக்கை பார்த்தார்.

"ஏனுங்க, அந்த உத்தரம் எங்கீங்க போகுது?"

"ஏனுங்கம்மா, உங்களுக்கு வேணுங்களா?"

"எனக்கெதுக்குங்க? என்ற ஊட்டுக்குள்ள அதைப் போட்டா நான் வெளிய படுக்கோணும்."

லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். மாநகராட்சியில் வீட்டுவரி வசூலிக்கும் பில் கலெக்டராக இருந்து ஓய்வு பெற்றதாகச் சொன்னார். பேச்சு வாக்கில் இருவருமே கோபிச்செட்டிபாளையம் பக்கம் என்று தெரிந்தது. நான் கிணறு வற்றிப்போன தோட்டத்தை விட்டுவிட்டு மரக்கடைக்கு மூட்டை தூக்க வந்தவன். அவர் அப்பா அம்மா பண்ணையத்தில் கூலி வேலை செய்தவர்கள். "ஊர் பேரு கேட்டீங்க, எந்தத் தெருன்னு கேக்கலீங்களே. அதுவே பெரிசுங்க" என்றார். நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். கேட்காமலே எனக்குத் தெரிந்துபோயிருந்தது என்பதுதான் நிஜம்.

அவருடைய நீள நோட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வரி வசூலுக்கு நடந்த காலத்தில் வீடு வீடாகப் பார்த்ததையெல்லாம் ஓய்வுக்குப் பிறகு கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தார். எந்த வீதி, யார் வீடு, உள்ளே என்ன இருக்கிறது என்பதோடு, வீட்டுக்குள் என்ன பாஷை பேசுகிறார்கள் என்றும் ஒரு கட்டம். குஜராத்திக்காரர் வீட்டு ஊஞ்சல் கொக்கி, கன்னடம் பேசும் நெசவுக் குடும்பத்தின் தறிக்குழி, அத்தர் வியாபாரி வீட்டு வண்ணக் கண்ணாடி ஜன்னல் எல்லாம் அதில் இருந்தன. "இந்த ஊர்ல எத்தனை பாஷைல என்னைய உள்ள கூப்பிட்டிருக்காங்க தெரியுங்களா? ரண்டி, பன்னி, ஆவோ, ஆயியே, வரூ" என்று தெலுங்கு, கன்னடத்திலிருந்து மலையாளம் வரை விரல் விட்டு எண்ணுவார். ஒருநாள், கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை வந்தபின், "நம்ம பாஷைலயும் நெறைய ஊட்டுல கூப்பிட்டாங்க. ஒரே ஒரு ஊட்டுல மட்டும் கடைசி வரைக்கும் வார்த்தை வரவே இல்லீங்க" என்றார்.

அது பழைய வீதியில் ஒரு பெரிய பண்ணைக் குடும்பத்தின் பட்டணத்து வீடு. எனக்குத் தூரத்துச் சொந்தம். முதல்முறை போனபோது அவருடைய ஊரையும் தெருவையும் விசாரித்தார்களாம். அதோடு சரி. ஒவ்வொரு முறையும் பெரிய கதவுக்கு வெளியிலேயே நின்று, ரசீதுப் புத்தகத்தை நிலையில் வைத்து அழுத்தி எழுதிக் கொடுத்துவிட்டு வருவாராம். அந்த வீடும் நோட்டில் இருந்தது. எனக்குப் புரியவில்லை.

"ஏனுங்க மேடம், உங்களை வாசல்ல நிறுத்தின ஊட்டையும் காப்பாத்தோணுமாக்கும்?"

"அந்த வாசல்தானுங்க மொதல்ல இருக்கோணும். வாசலையே பேத்துப்போட்டா, அப்பிடி யாரையும் நிறுத்தவே இல்லைன்னு சொல்லிப்போடுவாங்க."

இதை நான் இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு என் காதில் விழுந்தது, அந்த வீட்டில் பெரிய கதவு இருக்கிறது என்பது மட்டும்தான்.

என்னென்ன மரம் என்று பார்த்துச் சொல்லும்படி நோட்டை என்னிடம் கொடுத்தார். தேக்கு, ஈட்டி, வேங்கை என்று ஓரத்தில் குறித்துக் கொடுத்தேன். திருப்பிக் கொடுப்பதற்கு முன் பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். காப்பாற்ற வேண்டிய வீடுகள் என்று அவர் கால் தேய நடந்து எழுதியது, எந்த வீட்டுக்கு முதலில் போய் விலை பேசலாம் என்று எனக்கு வழி காட்டியது. அவர் போய், "உங்க ஜன்னல் எவ்வளவு பெருமையானது தெரியுங்களா" என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டு வருவார். பின்னாலேயே நான் போய் நிற்பேன். பெருமையானது என்று தெரிந்தபிறகு விற்கிற ஆசையும் அவர்களுக்கு வந்திருக்கும். அவர் நடந்த பாதையிலேயே, வீட்டுக்கு வீடு நானும் நடந்தேன்.

வாங்கியதை வாங்கியபடி விற்றிருந்தாலும் பரவாயில்லை. கோயமுத்தூர் சாமான் என்றால் கேட்கிறவர்களுக்கு முகம் மலராது. செட்டிநாடு என்றால் மறுபேச்சு இல்லாமல் எடுப்பார்கள். ஆகவே ஊஞ்சல் கொக்கியும் வண்ணக் கண்ணாடியும் தறிக்குழியோரத்து மரச்சட்டமும் என் கிடங்கின் வாசலைத் தாண்டியதும் காரைக்குடிக்குப் போய்விட்டன. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அதைச் சமாதானமாகச் சொல்ல இப்போது எனக்கு நாக்கு வரவில்லை.

ஒருநாள் அவரே கிடங்குக்கு வந்தார். அத்தர் வியாபாரி வீட்டு ஜன்னல் வெயிலில் சாய்ந்திருந்தது. பச்சையும் சிவப்பும் அவர் சேலையில் விழுந்தன. கொஞ்ச நேரம் அந்த நிறங்களையே குனிந்து பார்த்தார்.

"என்ற நோட்டு உங்களுக்கு நல்லா யாவாரம் குடுத்திருக்குதாட்ட இருக்குதுங்க, யாவாரி."

"நான் எடுக்காட்டி வெறகுக்குப் போயிருக்குமுங்க மேடம்" என்றேன். அது பாதி நிஜம்.

"செரிங்க. காப்பாத்துனீங்கன்னே வெச்சுக்கலாம். யாரோடதுங்கற பேரை எதுக்குங்க அழிச்சீங்க?"

டீ சொல்லட்டுங்களா என்று கேட்டேன். அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாக ஒரு கோடு இழுத்தார். மேலே "இப்போ எங்கே" என்று எழுதினார். "ஒண்ணும் திருப்பித் தர வேண்டாமுங்க. எது எந்த ஊருக்கு, யாரு ஊட்டுக்குப் போச்சுன்னு இதுல எழுதிக் குடுத்துப்போடுங்க, போதும்." கோபமே இல்லாமல்தான் சொன்னார். எழுதினால் நான் காரைக்குடி என்று விற்ற ஒவ்வொன்றும் வெளியே வரும். நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன் என்று சொல்லி, கோடு போட்ட பக்கங்களை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆர்.எஸ்.புரத்தில் நான் வீடு கட்டிக் குடி போனபோது மேடத்துக்கும் பத்திரிகை வைத்தேன். என் வாசலில் நிற்கிற அந்தக் கதவைப் பார்க்காதவர்கள் உங்களில் சிலர்தான் இருப்பீர்கள். அன்றைக்கு என் பெரிய வாடிக்கைக்காரர்கள், கட்டடக்காரர்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் படியேறி வந்தவர் கதவருகே நின்றுவிட்டார். என் சம்சாரம் சந்தனக் கிண்ணத்தோடு ஓடிப்போய், "வாங்க மேடம், ஏன் அங்கயே நின்னுட்டீங்க, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்தாள். மேடம் நிலையின் வலது பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"இந்தக் கதவு எனக்குத் தெரியுமுங்க. இதுல வெச்சுத்தான் நான் ரசீது எழுதுவேன்" என்றார், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அரை மணிக்கு முன்னால்தான் அந்தக் கதவின் காரைக்குடிப் பெருமையை அவர்களுக்கு அளந்திருந்தேன்.

"இல்லீங்க மேடம். இது காரைக்குடிச் சரக்குங்க. நானே போய் எடுத்துட்டு வந்தேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். "அப்படீங்களா. வயசாச்சுங்க, மாத்தி நெனச்சுப்போட்டேனாட்ட இருக்குது" என்று சொல்லி உள்ளே வந்தார். பந்தியில் உட்கார்ந்தார். என் சம்சாரம் இன்னொரு ஜிலேபி வைத்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. போகும்போது என் பேரனுக்கு ஆசி சொல்லிவிட்டுப் போனார்.

அத்தனை வருஷம் வெளியே நின்ற அந்த வாசலை அவர் அன்றைக்குத்தான் தாண்டினார். அதுவும், உள்ளே வாங்க என்று தமிழில் ஒருத்தி கையைப் பிடித்துக் கூப்பிட்டு. அது அந்த வாசலே இல்லை என்று சொல்லி, அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டவன் நான்.

மறுநாள் காலை கதவைத் திறந்து வைத்து வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். இழைத்துப் பாலிஷ் போட்டபோது வலது நிலையில் கீல் பக்கத்து உள் ஓரத்தை ஆள் விட்டிருந்தான். குள்ளமான ஒருவர் புத்தகம் பிடித்து எழுதுகிற உயரத்தில், நீல நிறத்தில் சின்னச் சின்னச் சுழிகள். பேனா எழுதுகிறதா என்று பார்க்கக் கிறுக்கியவை. சில வெளுத்துப்போயிருந்தன, சில அழுத்தமாக இருந்தன. ஒரு நாளில் கிறுக்கியது இல்லை, வருஷக் கணக்கு. அன்றைக்கே போன் செய்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதன்பிறகும் இரண்டு வருஷம் உயிரோடு இருந்தார். அவ்வப்போது கூப்பிட்டு, "கட்டத்தை எழுதியாச்சுங்களா, யாவாரி?" என்று மட்டும் கேட்பார். கதவைப் பற்றி ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. "சித்தப் பொறுங்க மேடம், சீசன் போகட்டும்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

சாவுச் செய்தி கேட்டு அவர் வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே நின்றுவிட்டேன். தம்பி மகள் வந்து, "ஏனுங்கண்ணா வெளியவே நிக்கறீங்க, உள்ள வாங்க" என்றாள். அதைக் கேட்கிற முகம் அன்றைக்கு எனக்கு இல்லை.

இப்போது என்னிடம் இருப்பது அந்த நோட்டின் பிரதிதான். எந்தச் சாமான் எங்கே போனது என்பது எனக்கு மனப்பாடம். வியாபாரி அதை மறக்க மாட்டான். ஊட்டி ஓட்டல், பொள்ளாச்சித் தோப்பு பங்களா, பெங்களூர் வீடு என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். வாங்கியவர்களுக்கும் போன் செய்து சொல்லிவருகிறேன். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர், ஊஞ்சல் கொக்கி யார் வீட்டுடையது என்று பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். முடிந்ததும் அந்தப் பிரதியை உங்கள் குழுவிடம் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் நிரப்பியது பண்ணை வீட்டுக் கதவுக்கான கட்டத்தைத்தான். இப்போ எங்கே: ஆர்.எஸ்.புரம், சென்னியப்பன் வீட்டு வாசலில். அன்றைக்குக் கூடத்தில் உட்கார்ந்து நான் சொன்னதை நம்பியவர்கள் ஒருநாள் வந்து பாருங்கள். கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். வலது பக்க நிலையில், உள் ஓரமாக, கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும்.