இரண்டாவது சாட்சி

பிரின்ஸ்டன் ஜங்ஷன் நடைமேடையில் குளிர்காற்று காதை அறுக்கிறது. என்னை ரயிலேற்றிவிட வந்திருக்கும் ராகவன், புற்றுநோய் முற்றிய என் அண்ணனின் பக்கத்து வீட்டுக்காரர். வலியில்லாமல் உயிர் பிரிய மருந்து கேட்டு அண்ணன் மனு எழுதியிருக்கிறான். நியூ ஜெர்சியில் மருத்துவரே அதைத் தரச் சட்டம் இருக்கிறது. மனுவுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவராவது உறவினர் அல்லாதவராக இருக்க வேண்டும். அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் திரண்டு வந்த நண்பர்களெல்லாம் கையெழுத்து என்றதும் நழுவிவிட்டார்கள். நேற்று நான் ஒன்று போட்டேன். இன்னொன்று, கோயிலுக்குப் போகாமல் காபிகூடக் குடிக்காத இவர் போட்டது.

"உங்களுக்கு இதுல சம்மதமா சார்?"

"சுத்தமா கிடையாது. அவன் அதைக் குடிக்கவே கூடாதுன்னு டெய்லி வேண்டிக்கறேன். ஆனா ஃபார்ம்ல என் ஒபினியனைக் கேக்கலையே. யாரும் ஃபோர்ஸ் பண்ணல, தெளிவாத்தான் கேக்கறான்னு சைன் பண்ணச் சொல்லியிருக்கு. அது உண்மைதானே? எப்படி மாட்டேன்னு சொல்றது?"

ரயில் வந்து நிற்கிறது. அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

"ஏறுங்க, ஏறுங்க. கார்ல ரசம் இருக்கு. ஆறிப்போச்சுன்னா உங்கண்ணன் தொட மாட்டான்" என்கிறார்.