சதாசிவன் சாரின் துவர்த்து

சதாசிவன் சாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் எனக்கு ஒரு வார்த்தைக்கு மேல் வராது. விசில் நன்றாக ஊதுவார்.

பாறசாலைக்குப் பக்கத்தில் ரப்பரும் மரச்சீனிக் கிழங்கும் விளைகிற ஊரில் பிறந்தவர். பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். பதினேழு வருஷம் வேலை பார்த்ததில் முக்கால்வாசி ராஜஸ்தான் மணலில். ஹவில்தாராகத் திரும்பி வந்தபோது ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியும், அந்த விசிலும், எவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒரு வாயும் கொண்டு வந்தார். வீட்டில் மனைவி விஜயம்மா. ஒரே மகள் ரேஷ்மி.

1995 மே மாதக் கடைசியில், நெய்யாற்றின்கரையில் இருந்த ஒரு கிளப் பொழியூர் கடற்கரையில் பத்து நாள் சாகசப் பயிற்சி முகாம் நடத்தியது. பயிற்சியாளர் சார்தான். பட்டாளத்துக்காரருக்குத் தெரியாதது உண்டா என்று கிளப்காரர்கள் நினைத்துவிட்டார்கள். பதின்மூன்று முதல் பதினாறு வயது வரை இருபத்தாறு பேர் போனோம். ஆறு பேர் பெண்பிள்ளைகள். தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி அதில் தொங்கிப் போக வேண்டும். லாரி டியூபில் தெப்பம் கட்டி மிதக்க வேண்டும். அலை உடைகிற இடத்தைத் தாண்டி நீந்திவிட்டுத் திரும்ப வேண்டும். என் அப்பா சபையில் மூப்பர். பிள்ளைக்குத் தைரியம் வரட்டும் என்று அனுப்பி வைத்தார். எனக்கு என்ன வந்தது என்று அவரிடம் இதுவரை சொன்னதில்லை.

ஆளுக்கொரு பாலராமபுரம் துவர்த்து கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். துவர்த்து என்றால் எங்கள் பக்கத்தில் மெல்லிய பருத்தித் துண்டு. அதை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் கடலில் இறங்க வேண்டும். சாயங்காலம் வரிசையில் நிற்கும்போது சார் ஒவ்வொருவர் துவர்த்தின் முனையையும் பிடித்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். "உப்பு" என்றால் தப்பித்தோம். உப்பு இல்லை என்றால் அந்தப் பிள்ளை துவர்த்தைத் தலையில் போட்டுக்கொண்டு நடுவில் நிற்க வேண்டும். மற்ற இருபத்தைந்து பேரும் ஆளுக்கு ஒரு கை ஈர மணல் அள்ளி எறிய வேண்டும். முதல் நாள் தீபு என்கிற பையன் நின்றான். கண்ணில் மணல் விழுந்து அழுதான். நாங்கள் சிரித்தோம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சார் மட்டும் கடலில் இறங்கி நாங்கள் பார்த்ததில்லை. இஸ்திரி போட்டு மடித்த துவர்த்து ஒன்று அவர் தோளில் எப்போதும் கிடக்கும்.

ரேஷ்மிக்கு அப்போது பதினாலு வயது. கடலைக் கண்டாலே அவளுக்கு உதறல். முதல் நாள் முழங்காலில் அலை அடித்ததும் திரும்பி, "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டாள்.

"இங்க அப்பா இல்ல. சார் ஆக்கும். நம்பர் பதினொண்ணு, வெள்ளத்துல எறங்கு" என்றார்.

அவள் தண்ணீரில் இறங்கவில்லை. தொடர்ந்து மூன்று நாள் தலையில் மணல் வாங்கினாள். அவர் அவளோடு பேசுவதையும் அவள் முகத்தைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார். கஞ்சி குடிக்கும்போது என்னிடம் சொன்னாள், "ஒரே ஒரு மட்டம் உப்புன்னு சொல்லிட்டாருன்னா போதும் ஜிஜா. பெறவு அப்பா எங்கூட மிண்டுவாரு."

நான்காம் நாள் அவள் துவர்த்தை ஆற்றில் முக்கிக்கொண்டு வந்தாள். பொழியூரில் நெய்யாறு கடலில் சேர்கிற இடத்தைத்தான் பொழி என்பார்கள். கோடையில் அங்கே மணல் திட்டு அடைத்துக்கொள்ளும். உள்ளே ஆற்று வெள்ளம் நல்ல தண்ணீராகக் குளம்போலக் கிடக்கும். சார் முனையை நாக்கில் வைத்தார். துப்பினார்.

"ஆத்து வெள்ளம். கள்ளியாக்கும் இவ. எல்லாரும் ரெண்டு கை எறியுங்க."

எறிந்தோம். அவள் எனக்கு உயிர்த் தோழி. நானும் இரண்டு கை எறிந்தேன்.

அதன் பிறகு இரண்டு நாள் நல்ல மழை. கயிறும் தெப்பமும் மூலையில் கிடந்தன. ஆறு பொங்கி வயலில் ஏறியதும், ஏழாம் நாள் காலையில் ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்து மணல் திட்டில் சால் வெட்டிவிட்டார்கள். எனக்கு உடனே புத்தி வேலை செய்தது.

"பொழி வெட்டியாச்சு மக்கா. இனி கடல் உள்ள ஏறும். ஆத்து வெள்ளமும் உப்பாயிரும். நீ அங்கேயே முக்கிட்டு வா" என்று ரேஷ்மியிடம் சொன்னேன்.

கடல் தெரியாத ரப்பர்த் தோட்டத்துப் புத்தி. பொழி வெட்டினால் முதலில் கடல் உள்ளே வராது. ஆறுதான் கரையைக் கரைத்துக்கொண்டு வெளியே பாயும். பொழியூரில் அஞ்சு வயசுப் பிள்ளைக்கும் அது தெரியும். எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

ரேஷ்மி விளிம்பில் குனிந்தாள். காலடி மணல் அப்படியே சரிந்தது. அவள் ஆற்றில் விழுந்து கடலைப் பார்த்துப் போனாள்.

சார் ஓடி வந்தார். கணுக்கால் நனைகிற வரை வந்தார். அங்கே நின்று விசிலை ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக வருகிறது.

கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஈசாக் என்பவர் ஊசியைப் போட்டுவிட்டுக் குதித்தார். அலை உடைகிற இடத்துக்கும் அப்பால் போய் அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சுற்றி நீந்தி வடக்கே கரையேறினார். அவளைக் குப்புறப் போட்டு வெள்ளத்தைக் கக்க வைத்தார். பிறகு சாரிடம் வந்தார்.

"ஊதினா ஆறு நிக்குமா சாரே?" என்று மட்டும் கேட்டுவிட்டு வலையிடம் போய்விட்டார்.

அன்றைக்காவது முகாமைக் கலைத்திருக்கலாம். கலைக்கவில்லை. சாயங்காலம் விசில் அடித்து வரிசையில் நிற்க வைத்தார். துவர்த்துகளை நக்கிக்கொண்டே வந்தார். ரேஷ்மியின் துவர்த்து ஆற்றோடு போயிருந்தது. அவள் வெறும் கையோடு நின்றாள்.

"நம்பர் பதினொண்ணு, துவர்த்து எங்க?"

அவள் ஓரடி முன்னால் வந்தாள். அவர் தோளில் கிடந்த துவர்த்தை எடுத்தாள். மடிப்பைப் பிரித்து ஒரு முனையை நாக்கில் வைத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னாள்.

"உப்பு இல்ல சாரே."

பிறகு எட்டி அதை அவர் தலையில் போட்டுவிட்டு விலகி நின்றாள். முதல் கை மணலை எறிந்தது நான். என் தப்பை அவர் தலையில் போட அதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை. இருபத்தைந்து பேரும் எறிந்தோம். தீபு மூன்று தடவை எறிந்தான். சார் பட்டாளத்தில் நிற்பதுபோல அசையாமல் நின்றார். ரேஷ்மி மட்டும் எறியவில்லை. அதை அவர் இரக்கம் என்று நினைத்திருப்பார், பாவம்.

நான்கு வருஷம் கழித்து என் அக்கா கல்யாணத்துக்குக் கூப்பிட சார் வீட்டுக்குப் போனேன். ரேஷ்மி பின்பக்கம் திரும்பி, "சாரே, ஜிஜா வந்திருக்கா" என்று குரல் கொடுத்தாள். அந்த முகாமுக்குப் பிறகு அவள் அவரை வேறு எப்படியும் கூப்பிடவில்லையாம். விஜயம்மா சாயா போட்டபடி மெதுவாகச் சொன்னார்.

"ஞாயிறாச்ச தோறும் பஸ்ஸு ஏறிப் பொழியூருக்குப் போறாரு மக்கா. இந்த வயசுல நீந்தப் படிச்சாரு. கடல்ல குளிச்சுட்டு வந்து துவர்த்த முன்வாசல் கொடியில விரிச்சுப் போடுவாரு, இவ காணட்டும்னு. இவ ஒண்ணும் மிண்டாம எடுத்து, கிணத்து வெள்ளத்துல அலசிப் போடுவா."

சார் வந்து எதிரே உட்கார்ந்தார். முடி நரைத்து, ஆள் பாதியாகியிருந்தார். என்னை முதன்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஜிஜா மக்கா, ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். அண்ணைக்கு அவ எதுக்காக்கும் அந்தப் பொழிப் பக்கம் போனா? என்னால சாகத்தான் போனாளோன்னு நெனச்சு நெனச்சு எனக்கு ஒறக்கம் இல்ல. கேட்டா அவ வாய் தொறக்க மாட்டா."

கதவருகில் நின்ற ரேஷ்மியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். நான்தான் அனுப்பினேன், அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கத்தான் அவள் போனாள் என்று சொல்ல அரை நிமிஷம் போதும். அந்த மனிதர் அன்றைக்காவது உறங்கியிருப்பார்.

"தெரியாது சாரே" என்றேன். சாயாவைக் குடித்து முடித்து, கல்யாணப் பத்திரிகையை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்தேன்.