மூடுபனிக்குள் ஒரு கை

ரங்கூன் கெமண்டைன் படகுத்துறையில் ஒரு மழைக்காலத்தில் சம்பான் என்ற சிறு துடுப்புப் படகு கவிழ்ந்தது. எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் சாவு விழுந்தது. அதன் பிறகுதான் துறைமுகத்தில் வேலை பார்த்த தமிழர்கள் நாங்கள் சிலர் சேர்ந்து, ஆற்றில் விழுந்தவர்களை மீட்கப் பழகினோம். லாஞ்சு என்ற இயந்திரப் படகின் மாலுமி ஒருவர் ஞாயிறு காலைகளில் எங்களைப் பழக்கினார்.

"கத்துறவனுக்கு இன்னும் தெம்பு இருக்கு. சத்தமில்லாம வாயைத் திறந்து அண்ணாந்துக்கிட்டு இருக்கான் பாருங்க, அவனை முதல்ல பிடிங்க," என்பார்.

தை மாதக் குளிரில் ஒருநாள் என் முறை வந்தது. காலி மண்ணெண்ணெய் டின்னை நெஞ்சில் கட்டிக்கொண்டு, மூழ்குகிறவனாக நான் மிதக்க வேண்டும். என் குரலை வைத்து மற்றவர்கள் கயிறு வீச வேண்டும். இறங்கியதுமே பல் கிட்டியது. கொஞ்ச தூரத்திலேயே மூடுபனி படகுத்துறையை மறைத்துவிட்டது.

எனக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு ஒரு கை என் தோளைப் பற்றியது. ஆற்று நீரைவிடச் சில்லென்றிருந்தது.

"அண்ணே, யாரை அனுப்பினீங்க?" என்று கரைப் பக்கம் கத்தினேன்.

"யாரையும் அனுப்பலையே. எல்லாரும் இங்கதான் நிக்கிறோம்," என்றது மாலுமியின் குரல்.

திரும்பினேன். இமைக்காத இரண்டு கண்கள். உதடுவரை தண்ணீர். அந்த வாய் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"கயிறு! கயிறு போடுங்க!"

அது பயிற்சிக்காகக் கத்திய குரல் இல்லை என்பது கரையில் உடனே புரிந்திருக்கிறது. கயிறு வந்தது. எங்கள் இருவரையும் சேர்த்தே இழுத்தார்கள்.

அவர் ஒரு பர்மியப் படகுக்காரர். இரவில் அவருடைய நெல்படகு எதிலோ மோதி உடைந்து, ஒரு பலகையோடு மிதந்து வந்தவர் என்பது பிறகு தெரிந்தது. ஈர லுங்கியை உருவிவிட்டுக் கம்பளி சுற்றினோம். நெடுநேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

"தம்பியை ஏத்திட்டீங்களா?" என்று பர்மிய மொழியில் கேட்டார்.

"எந்தத் தம்பி?"

"என் காலைப் பிடிச்சுக்கிட்டு வந்தானே. இப்பவும் பிடிச்சிருக்கான், விடலை."

கம்பளியை விலக்கிப் பார்த்தோம். கணுக்காலைச் சுற்றிச் சிவந்து கன்றியிருந்தது. மாலுமி துறையில் கட்டியிருந்த சம்பானை அவிழ்த்தார். பனி விலகி வெயில் ஏறும்வரை தேடினோம். யாரும் அகப்படவில்லை.

அடுத்த ஞாயிறு போனபோது, படகுத்துறை விளிம்பில் அந்தப் படகுக்காரர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கால்களையும் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருந்தார். நாங்கள் கயிறுகளைத் தூக்கிக்கொண்டு துறையின் மறுபக்கம் போனோம்.