கன்வர்ட்டரை அனுப்பிவைத்த சனிக்கிழமை

என் அண்ணனை ஊரே ‘கன்வர்ட்டர்’ என்றுதான் கூப்பிட்டது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ஒற்றை ஜன்னல் அறையில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்திருந்தார். பழைய எடை மேடை, நெசவு இயந்திரம், பரிசோதனைக்கூடக் கருவி எல்லாம் சீரியல் எனும் அந்தக்கால வயரில்தான் பேசும். புதுக் கம்ப்யூட்டர்களில் இருப்பதோ யூஎஸ்பி மட்டும். நடுவில் நகம் அளவு சிப் ஒன்றை வைத்து இரண்டையும் பேச வைப்பதுதான் அவர் பிழைப்பு.

எதையும் சோதிக்காமல் கொடுக்க மாட்டார். சிப் பொருத்திய போர்டில் செய்தி அனுப்பும் உலோகக் காலையும் வாங்கும் காலையும் ஒரு வயரால் இணைத்து, கம்ப்யூட்டரில் ‘சாப்பிட்டாயா?’ என்று தட்டுவார். சிப் நல்லதென்றால் அதே கேள்வி திரையில் திரும்பி வரும்.

“என்னை ஒரு நாளாவது கேட்டிருப்பாரா இந்த மனுஷன்?” என்பார் அண்ணி.

போன சனிக்கிழமை அவரை மின் தகன நிலையத்துக்குக் கொண்டுபோனோம். உலை சூடேறவில்லை.

“உலைக்கு மெமரி போயிடுச்சுங்க,” என்றார் ஆபரேட்டர். “எவ்வளவு சூடுன்னு லேப்டாப்தான் கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருக்கணும். நடுவுல இருக்கற கன்வர்ட்டர் செத்துடுச்சு.”

“தெரியும். அவரைத்தான் கொண்டாந்திருக்கோம்,” என்றார் அண்ணியின் தம்பி, அழுதுகொண்டே.

“அய்யோ, நான் போர்டைச் சொன்னேங்க. ஆறு மணிக்குள்ள உள்ளே அனுப்பலைன்னா திங்கக்கிழமைதான்.”

அண்ணி என்னைப் பார்த்தார். “கடைக்கு ஓடு. மேசைக்குக் கீழ டப்பா இருக்கும்.”

மூன்று இருந்தன. அவர் கையெழுத்தில் ‘அசல்’, ‘போலி’, ‘போலி, ஆனால் நல்லவன்’. அசல் டப்பா காலி. வாங்க வந்தவர்களுக்கே எல்லாம் போயிருந்தது. நல்லவனில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

போர்டின் அனுப்பும் காலை உலையின் அனுப்பும் காலோடும், வாங்கும் காலை வாங்கும் காலோடும் பொருத்தமாக இணைத்தேன். உலை மசியவில்லை.

“காலேஜ் போய் என்னத்தைப் படிச்சே?” என்றார் அண்ணி. “ரெண்டு வாயையும் சேர்த்துக் கட்டினா யார் காதுல விழும்? மாத்திப் போடு.”

மாற்றினேன். திரையில் எண்கள் ஏறின. அண்ணியின் தம்பி கைதட்டிவிட்டார். எங்கே நிற்கிறோம் என்று உறைத்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அண்ணனை உள்ளே அனுப்பிய ஐந்தாவது நிமிடம் எண் சரிந்தது. ஒரு வயர் தொளதொளத்தது. ஆபரேட்டர் டேப் தேடி அறை முழுக்க அலைந்தார்.

அண்ணி தரையில் உட்கார்ந்து, வயரைப் போர்டோடு இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தார். எண் நின்றது. பிறகு ஏறியது.

“நான் பிடிக்கறேன் அண்ணி, கை வலிக்கும்.”

“நீ ஆட்டிடுவ.”

ஒன்றரை மணி நேரம். கண்ணீரும் மூக்கும் வழிந்தன. மறு கையால் துடைத்தால்கூட வயர் அசைந்துவிடுமாம், நான்தான் துடைத்துவிட்டேன். கடைசியில் ஆபரேட்டர் குனிந்து மெதுவாகச் சொன்னார், “முடிஞ்சதுங்கக்கா. விடலாம்.”

“திரையைப் பார்த்துச் சொல்லுங்க,” என்றார் அண்ணி. விரலை எடுக்கவில்லை.