மூன்றாம் மைக்கின் குரல்

கிளிநொச்சியில், கண்டி வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ஒரு வீட்டின் பின்னறைதான் எங்கள் ஒலிப்பதிவுக்கூடம். சுவர் முழுக்க முட்டை அட்டைகளும் பழைய மெத்தைத் துண்டுகளும் ஒட்டியிருந்தோம். காலையில் நான் கணினி வகுப்பு எடுப்பேன். மத்தியானத்துக்குப் பிறகு ஜெனரேற்றரைப் போட்டுக்கொண்டு அந்த அறைக்குள் போய்விடுவேன். சமாதான ஒப்பந்தத்தோடு கண்டி வீதி திறந்த பிறகு கனடாவிலிருந்து வந்த ஓர் அண்ணை அங்கே ஒரு கணினியைப் பூட்டி, லினக்ஸை ஏற்றி, ஒவ்வொரு குரலையும் தனித்தனித் தடத்தில் பதியும் மென்பொருள் ஒன்றையும் போட்டுத் தந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். மிச்சத்தை நானே தட்டித் தட்டிப் பழகினேன்.

2004ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் முல்லைத்தீவுக் கரையோர மாதா கோயில் ஒன்றின் பாடகர் குழு வந்தது. பதினான்கு பெண் பிள்ளைகள், அவர்களோடு ஒரு சிஸ்டர். கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு முன்னர், பத்துப் பாட்டுகள் கொண்ட சீடி ஒன்று வேண்டும் என்றார்கள். அதற்கு முன்பு நான் பதிந்ததெல்லாம் இரண்டு மூன்று தடங்களுக்குள் அடங்கும் சின்ன வேலைகள்தான். இது பெரிது. ஆர்மோனியம், தபேலா, கீபோட், நான்கு பிரிவாகக் குழுக்குரல், அதற்கு மேல் ஒவ்வொரு பிள்ளையும் தனியே பாடும் வரிகள். பத்துப் பாட்டையும் மென்பொருளில் ஒரே திட்டக் கோப்புக்குள் போட்டேன். எட்டு நாள் முடிய, திரையில் எழுபதுக்கு மேற்பட்ட தடங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன.

அந்தத் தடங்களுக்கு நான் பெயர் வைக்கவில்லை. மென்பொருள் தானாக ‘ஓடியோ 1’, ‘ஓடியோ 2’ என்று போட்டுக்கொண்டு போனது, நானும் விட்டுவிட்டேன். மழைக்காலம். தகரக் கூரையில் மழை தட்டத் தொடங்கினால் பதிவை நிறுத்த வேண்டும், விட்டதும் ஓடிப்போய்த் திரும்பத் தொடங்க வேண்டும். அந்த அவசரத்தில் பிள்ளைகளின் பெயர்களையும் நான் கேட்கவில்லை. “மூண்டாம் மைக், கொஞ்சம் கிட்ட வாங்கோ. அஞ்சாம் மைக், சத்தத்தைக் குறையுங்கோ.” எட்டு நாளும் இப்படித்தான் அவர்களோடு கதைத்தேன்.

பாட்டுகளைச் சேர்த்துக் கலக்கும் நேரத்தில் கணினி வட்டில் இடம் போதவில்லை. பயன்படுத்தாத பதிவுகளைத் துப்புரவாக்கும் கட்டளை ஒன்று மென்பொருளில் இருந்தது. மழைச் சத்தம் விழுந்தவை, சுருதி விலகியவை, இருமல் புகுந்தவை எல்லாவற்றையும் அந்தக் கட்டளையால் ஒரே தட்டலில் கழித்தேன். பிறகும் இடம் கூடவில்லை. ஏனென்று விளங்காமல் என் வகுப்புப் பாடக் குறிப்புகளை அழித்து இடம் எடுத்தேன். சீடி சொன்ன நாளுக்கு முதலே போய்ச் சேர்ந்தது.

நத்தாருக்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. முற்றத்தில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றேன். ஒரு லொறி பெரிதாக ஹோண் அடித்தபடி ஆஸ்பத்திரிப் பக்கம் போனது. பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் ஒரு ட்ரக்டர். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் கத்தினா.

“முல்லைத்தீவுக்குள்ள கடல் வந்திட்டுதாம்!”

“கடல் வாறதோ? எங்க வாறது?”

“ஊருக்குள்ள. கோயிலையும் அடிச்சுக்கொண்டு போட்டுதாம்.”

எனக்கு அந்த வசனம் விளங்கவேயில்லை. ஆமி வரும், ஷெல் வரும், வெள்ளம் வரும், அதெல்லாம் தெரியும். கடல் வரும் என்று அதுவரை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. கையில் சவர்க்கார நுரையோடு வீதிக்கு ஓடினேன். மூன்றாவது லொறியில் கிடந்தவர்களின் தலைமயிரெல்லாம் மணல். சத்தம் போட்டு அழுகிறவர் ஒருவரும் அதில் இல்லை. அப்படியே வீதியோரத்தில் குந்திவிட்டேன்.

பாடகர் குழுவில் ஐந்து பிள்ளைகள் போய்விட்டார்கள் என்று சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. சிஸ்டரும் இல்லை.

தை மாதம் ஒரு பெண் எங்கள் கூடத்தைத் தேடி வந்தா. நாற்பது வயதிருக்கும். யாரோ கொடுத்த சீலை, காலில் ஆண்கள் போடும் செருப்பு. முள்ளியவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பதாகச் சொன்னா.

“என்ர மகள் இஞ்ச வந்து பாடினவள், பிள்ளை. வீட்டில ஒரு படமும் மிஞ்சேல்லை. சீடியும் கடலோட போட்டுது. அவளின்ர குரல் மட்டும் தனியா இருக்குமோ?”

“ஓம் அம்மா, இருக்கும். மகள் எப்பிடி இருப்பா?”

“கறுவல். கண்ணாடி போட்டவள்.”

கண்ணாடி போட்ட பிள்ளை எனக்கு நன்றாக நினைவிருந்தது. மூன்றாம் மைக். மூன்றாம் மைக் என்றால் ஓடியோ 3. அதிலிருந்த தனிக்குரல் வரிகளை எடுத்து, பாட்டுக்கு ஒன்றாக ஒரு சீடியில் போட்டேன். இரண்டு நாள் கழித்து அதையும் சீடி போடுகிற சின்ன ரேடியோ ஒன்றையும் எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறிப் போனேன். பெரிய நன்மை ஒன்று செய்யப் போகிறேன் என்ற நினைப்பு எனக்கு.

வகுப்பறை ஒன்றில் நான்கு குடும்பங்கள் இருந்தன. மேசையில் ரேடியோவை வைத்துச் சீடியைப் போட்டேன். குரல் தெளிவாக எழும்பியது. அந்த அம்மா ஒரு வரி முழுதும் கேட்டா, இரண்டாவது வரியும் கேட்டா. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தா.

“இது என்ர பிள்ளை இல்லை.”

“இல்லை அம்மா, இதுதான். கண்ணாடி போட்ட...”

“பிள்ளை, என்ர மகளின்ர குரல் எனக்குத் தெரியாதே? இது அவளின்ர சிநேகிதி. அங்க நிக்கிறாள் பாருங்கோ.”

திரும்பினேன். கதவடியில் ஒரு பிள்ளை நின்றாள். ஒரு கையில் கட்டு. ரேடியோவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு நாள் என் முன்னால் பாடியவள். அவளை நான் அடையாளம் காணவில்லை. கடல் வந்த நாளிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். சீடியில் அவள் பாடிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் நிறுத்தினேன். ஒரு தாயிடம் அவளுடைய பிள்ளை என்று வேறொருத்தியைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அதுவும் உயிரோடு இருக்கிற ஒருத்தியை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். நாலாம் நாள் மழைக்குப் பிறகு பிள்ளைகளை இடம் மாற்றி நிறுத்தியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்றாம் மைக்கில் நின்ற கண்ணாடிப் பிள்ளை ஏழாம் மைக்குக்குப் போனாள், அவளுடைய சிநேகிதி மூன்றாம் மைக்குக்கு வந்தாள். தனிக்குரல்களைப் பதிந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். தடத்தின் இலக்கம் மாறவில்லை, நின்ற பிள்ளை மாறிவிட்டாள். ஏழாம் மைக்கின் தனிக்குரல்களை நான் பாட்டில் சேர்க்கவேயில்லை. எல்லாவற்றையும் கழித்துவிட்டேன்.

கூடத்துக்குள் போனதும் கணினியைத் திறந்து, திட்டத்தின் கோப்புறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முன்பு நான் எட்டியும் பாராத ஒரு கோப்புறை அங்கே இருந்தது. அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘செத்த ஒலிகள்’. யாரோ எங்கோ, ஒரு பாவமும் அறியாமல் வைத்த பெயர். திறந்தேன். அறுபத்தொரு கோப்புகள். நான் கழித்த ஒன்றுகூட அழிந்திருக்கவில்லை. துப்புரவாக்கும் கட்டளை அவற்றை இந்தக் கோப்புறைக்குள் தள்ளிவைக்க மட்டும் செய்திருக்கிறது. குப்பையை வெளியே கொட்ட இன்னொரு கட்டளை வேண்டும். அது எனக்குத் தெரியாமல் இருந்ததால்தான் அன்று வட்டில் இடம் கூடவில்லை. தெரிந்திருந்தால் கொட்டியிருப்பேன். அதை நினைத்ததும் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

‘ஓடியோ 7’ தடத்தின் கோப்புகள் ஒன்பது இருந்தன. அவற்றில் ஏழாவது கோப்பில் ஒரு குரல் அரைத் தாளம் முந்தி நுழைந்து, நின்று, சிரித்தது. பிறகு மைக்குக்குக் கிட்ட வந்து சொன்னது:

“அக்கா, நான் பிழைவிட்டிட்டன். இதை அழிச்சுப்போடுங்கோ.”

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அன்று நான் அவளுக்கு ஓம் என்று சொல்லியிருப்பேன். கட்டாயம் சொல்லியிருப்பேன்.

இந்தமுறை சீடியில் போட்டுக்கொண்டு ஓடவில்லை. அந்த அம்மாவை வரச்சொல்லி ஆளனுப்பினேன். அவா அந்த வாய்திறவாத பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தா. ஹெட்போனை அவாவின் காதில் நானே வைத்துவிட்டேன். ஒன்பது கோப்பையும் கேட்டா. ஏழாவதைத் திரும்பப் போடச் சொன்னா. திரும்பவும் போடச் சொன்னா. அழவில்லை. வலது கையால் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தா.

“இதுதான்,” என்றா. “இவள்தான். எப்பவும் முந்திப்போடுவாள்.”

“இதைச் சீடியில போட்டுத் தரட்டோ அம்மா? இல்லாட்டிக் கதைக்கிறதை வெட்டிப்போட்டு...”

“ஒண்டையும் வெட்டாதேங்கோ.”

அந்தக் கோப்புக்கு அவளுடைய பெயரை வைக்க விரும்பினேன். என்ன பெயர் என்று முதன்முதலாகக் கேட்டேன். அம்மா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல நான் தட்டினேன். திரையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு அவா கேட்டா, “மற்றப் பிள்ளையளின்ரையும் இப்பிடித்தான் இலக்கமாக் கிடக்குதோ?”

“ஓம் அம்மா.”

“அப்ப போடுங்கோ, நான் சொல்லுறன். எல்லாம் எங்கட ஒழுங்கையில ஓடித்திரிஞ்ச பிள்ளையள்.”

மூன்று நாள் வந்தார்கள். கிளிநொச்சியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மத்தியானம் ஜெனரேற்றர் சத்தம் கேட்டதும் நடந்து வருவார்கள். அம்மா ஒரு வரி கேட்டாலே ஆளைச் சொல்லிவிடுவா. அவாவுக்கே ஐமிச்சம் வந்து ஆளைச் சொல்ல ஏலாத இடத்தில் ஹெட்போனை அந்தப் பிள்ளையின் காதில் வைப்பா; அவள் கேட்டுவிட்டுத் தலையாட்டுவாள், அல்லது என் கொப்பியை இழுத்துப் பெயரை எழுதுவாள். இல்லாமல் போன மற்ற நான்கு பிள்ளைகளின் குரல்களும் அப்படித்தான் கிடைத்தன. அவரவர் வீட்டுக்காரருக்கு ஒவ்வொரு சீடி செய்தேன். அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தது அந்த அம்மாதான்.

கடைசி நாள் ஒரு கோப்பு மட்டும் மிஞ்சியது. ஒரு பெண் குரல், சொல் இல்லாமல் ஒரு மெட்டை மெதுவாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எனக்கு யாரென்று தெரியவில்லை. பதினான்கு பேரில் ஒருத்தியோடும் அது பொருந்தவில்லை. பதினைந்தாவதாக ஒருத்தி வந்து போனாளா, அவளை நான் பார்க்காமலே விட்டேனா என்று பயம் பிடித்துவிட்டது. அம்மாவும் தெரியாதென்று தலையை ஆட்டினா. ஹெட்போன் அந்தப் பிள்ளையிடம் போனது.

அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, ஒரு மாதமாகத் திறக்காத வாயைத் திறந்து, கரகரத்த குரலில் சொன்னாள்:

“இது நீங்கள், அக்கா. மைக் சரியோ எண்டு பாத்தனீங்கள்.”