எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து நின்றபோது

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற ரோட்டில், சாக்கடைக்குப் பதிக்கிற மண் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் நானும் என் கணவரும் வேலை பார்த்தோம். அவர் சூளையில், நான் மண் பிசைகிற இடத்தில். மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று குடும்பம் முழுக்க அந்தக் கம்பெனியை நம்பித்தான் இருந்தது.

ஒருநாள் காலை சங்கத் தலைவர் எங்களைக் கேட்டிலேயே நிறுத்திச் சொன்னார். கம்பெனிக்குக் கரி சப்ளை செய்த மெட்ராஸ் வியாபாரி, பாக்கி வரவில்லை என்று ஹைகோர்ட்டில் மனு போட்டிருக்கிறார். கம்பெனியையே கலைக்கச் சொல்லிக் கேட்கிறார். முதலாளியும் விட்டால் போதும் என்று இருக்கிறாராம். கலைப்பது என்றால் என்னவென்றே எனக்கு விளங்கவில்லை. கோர்ட் ஆள் வந்து கேட்டைப் பூட்டி சீல் வைப்பார்கள், இடம், மெஷின் எல்லாம் ஏலத்துக்குப் போகும் என்று அவர்தான் விளக்கினார்.

திருச்சியில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தோம். இந்த மாதிரி வழக்கில் கடன் கொடுத்தவர் பேசலாம், பங்கு வைத்திருப்பவர் பேசலாம், அங்கே உழைக்கிறவர்கள் மட்டும் பேச முடியாது என்றுதான் அதுவரை கம்பெனிச் சட்டத்தைப் புரிந்து வைத்திருந்தார்களாம். சமீபத்தில்தான் சுப்ரீம் கோர்ட், தொழிலாளி சொல்வதையும் கேட்க வேண்டும் என்று தீர்ப்பு கொடுத்திருக்கிறதாம். “இது புதுசும்மா. இன்னும் நெறைய பேருக்குப் பழகல. நீங்க நேர்லயே போய் நில்லுங்க” என்று சொல்லி, மெட்ராஸில் தனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரை ஏற்பாடு செய்து கொடுத்தார்.

தலைவருக்கு அந்த நேரம் பார்த்து மஞ்சள் காமாலை. அதனால் சூளை மேஸ்திரி அண்ணனையும், சங்கக் கமிட்டியில் இருந்த ஒரே பெண்ணான என்னையும் அனுப்பினார்கள். ரயில் ஏற்றிவிட வந்த என் கணவர், பிள்ளைகளைப் பற்றிக்கூடப் பேசவில்லை. “சூளையில தீ போட்டாச்சு. குழாயெல்லாம் உள்ள அடுக்கிக் கெடக்கு. பாதியில சீல் வச்சா அத்தனையும் வீணாப் போயிடும். எப்படியாவது பேசிட்டு வந்துடு” என்றார். மெட்ராஸ் வரும்வரை அதுதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவ்வளவு பெரிய கட்டடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. விசாரித்து விசாரித்து ஒரு வழியாக அந்தக் கோர்ட் அறையைக் கண்டுபிடித்துப் பின்வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்தோம். எங்கள் வக்கீலைக் காணவில்லை. அவர் வேறு கோர்ட்டில் ஒரு வழக்கில் மாட்டிக்கொண்டார், முடிந்ததும் ஓடி வந்துவிடுவார் என்று அவருடைய குமாஸ்தா சொல்லிவிட்டுப் போனார். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிறுவாச்சூர் அம்மனை எத்தனை முறை கூப்பிட்டேனோ தெரியாது.

அவர் வருவதற்குள் எங்கள் கம்பெனியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நரைத்த தலையோடு ஒருவர் எழுந்து பேசினார். கரி வியாபாரியின் வக்கீல் அவர்தான் என்று மேஸ்திரி அண்ணன் கிசுகிசுத்தார். அடுத்து முதலாளியின் வக்கீல் எழுந்து ஒரே வரியில் ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லாம் இங்கிலீஷ். உத்தரவு எழுத ஜட்ஜ் பேனாவைக் கையில் எடுத்ததைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன். என்ன தைரியத்தில் எழுந்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ரயிலில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், “நாங்களும் இருக்கோங்கய்யா” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

டவாலி போட்ட கோர்ட் சேவகர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். முதலாளியின் வக்கீல் திரும்பிப் பார்த்துவிட்டு ஜட்ஜிடம் ஏதோ சொன்னார். இவர்கள் வெறும் தொழிலாளிகள், இந்த வழக்கில் இவர்களுக்கு இடம் கிடையாது என்று சொன்னாராம். பிறகுதான் எங்களுக்குத் தெரியும். கோர்ட்டே என்னைப் பார்ப்பது போலிருந்தது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மேஸ்திரி அண்ணன் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

அப்போது அந்த நரைத்த தலைக்காரர் மறுபடியும் எழுந்தார். போச்சு, நம்மை வெளியே தள்ளச் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் நிதானமாகப் பேசினார். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்: “உங்க வக்கீல் எங்கம்மா?”

“வேற கோர்ட்ல இருக்காருங்கய்யா. வந்துடுவாருங்க.”

“சரி, உட்காருங்க. அவர் சொல்றதைக் கேட்டுட்டுத்தான் உத்தரவு போடுவேன்.”

மதியத்துக்கு மேல் எங்கள் வக்கீல் வந்து வாதாடினார். ஆலையைப் பூட்ட வேண்டாம், எடுத்து நடத்த யாராவது முன்வருகிறார்களா பார்க்கலாம் என்று வழக்கைத் தள்ளி வைத்தார்கள். காலையில் நடந்ததை அவர்தான் விசாரித்துச் சொன்னார். சுப்ரீம் கோர்ட் தீர்ப்பை எடுத்துச் சொல்லி, ‘என் கட்சிக்காரருக்கு இது பாதகம்தான், ஆனாலும் இவர்களைக் கேட்காமல் முடிக்கக் கூடாது’ என்றாராம் அந்த நரைத்த தலை எதிர்த் தரப்பு வக்கீல்.

வராந்தாவில் அவரைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கும்பிட்டேன். கண் கலங்கிவிட்டது. அவர் சங்கடத்தோடு ஓரடி பின்னால் நகர்ந்தார். “எனக்கு எதுக்கும்மா நன்றி? நான் உங்க பக்கம் இல்லை. அடுத்த வாய்தாவுல உங்களை எதிர்த்துத்தான் பேசுவேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

சொன்னபடியே எதிர்த்துத்தான் பேசினார், அதுவும் கடுமையாக. ஆனாலும் சேலத்துக்காரர் ஒருவர் ஆலையை எடுத்து நடத்த முன்வந்தார். கொஞ்ச வருடம் ஓடிய பிறகுதான் அது மூடியது. அதற்குள் என் பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், என் கணவருக்கும் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை கிடைத்துவிட்டது. பின்னாளில் சட்டத்தையே திருத்தி, கலைக்கப்படும் கம்பெனியில் தொழிலாளிக்குச் சேர வேண்டியது பாங்க் கடனுக்குச் சமமாக நிற்கும் என்று ஆக்கினார்களாம். பேப்பரில் அதைப் படித்த அன்று அந்த வக்கீல் நினைவுதான் வந்தது.

ஜெயிக்கப் போகிற நேரத்திலும் எதிரில் நிற்பவர்களின் பேச்சைக் கேட்கச் சொன்ன ஒருவரை நேரில் பார்த்தவள் நான். அதனால்தானோ என்னவோ, எவ்வளவு கோபம் வந்தாலும், எதிராளி பேசி முடிக்கும் முன் தீர்ப்புச் சொல்ல எனக்கு இன்றைக்கும் மனசு வருவதில்லை.